இலை வேறு, விதை வேறு, எண்ணெய் வேறு

கேள்வி: வணக்கம் மேடம். மூன்று மாதத்துக்கு முன் தூவிய திருநீற்றுப்பச்சிலை விதை முளைத்து, இப்போது தொட்டியையே மூடிக்கொண்டு நிற்கிறது. நுனிகளில் பூவும் எட்டிப் பார்க்கிறது. வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கணவருக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை. வெறும் வயிற்றில் தினமும் பத்து இலை மென்றால் மாத்திரையைக் குறைத்துவிடலாம் என்று யாரோ அனுப்பிய வீடியோவைக் காட்டுகிறார். மகள் எடை குறைய சப்ஜா விதை குடிக்கிறாள். மாமியாருக்கு 71 வயது, இதய வால்வு மாற்றியவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார். அவருக்குக் கீரையே கூடாது என்கிறார்கள்; இந்த இலையும் கூடாதா? அக்கா பேரனுக்கு மூன்று வயது. சளிக்கு இந்தச் செடியின் எண்ணெயை இரண்டு சொட்டு தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்லி ஒருவர் பாட்டிலே வாங்கித் தந்துவிட்டார். இன்னொன்று, இலையைப் பறித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளே கறுத்துப்போகிறது. இது துளசிதானே? துளசிக்குச் சொல்லும் குணமெல்லாம் இதற்கும் உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் கொஞ்சம் காத்திருக்கும். அந்த எண்ணெய்ப் பாட்டில் காத்திருக்காது. குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு சொட்டு வேண்டாம், ஒரு சொட்டும் வேண்டாம். பாட்டிலைக் குழந்தையின் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

இலையிலிருந்து வந்ததுதானே, அதில் என்ன ஆபத்து என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு கிலோ பச்சிலையை நீராவியில் வடித்தால் கிடைப்பது சில கிராம் எண்ணெய்தான். அப்படியானால் ஒரு சொட்டுக்குள் ஒரு கைப்பிடிக்கும் மேலான இலையின் சாரம் அடங்கியிருக்கிறது. ஒரு மூன்று வயதுக் குழந்தை ஒரே வாயில் அவ்வளவு இலையைத் தின்னுமா? தின்றாலும் அதில் பெரும்பகுதி தண்ணீரும் நாருமாக இருக்கும். கொஞ்சம் மென்றதுமே துப்பிவிடும். சொட்டில் அந்தத் தடையெல்லாம் கிடையாது. வடித்தெடுத்த வாசனை எண்ணெய் எதுவானாலும் குழந்தை விழுங்கினால் வாந்தியும் மயக்கமும் வரலாம். புரையேறி நுரையீரலுக்குள் போனால் அங்கே அழற்சி வந்து மூச்சே திணறும். தவறிக் குடித்துவிட்டால் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த எண்ணெயில் எஸ்ட்ரகோல் என்றொரு பொருள் இருக்கிறது. சோம்பு வாசனைக்கு நெருங்கிய, இனிப்பான ஒரு மணம் திருநீற்றுப்பச்சிலையில் வரும் பாருங்கள், அதற்கு முக்கியக் காரணம் இதுதான். ரகத்தைப் பொறுத்து அளவு மாறும். சில ரகங்களின் எண்ணெயில் பாதிக்கு மேல் இதுவாகவே இருக்கும். சிலவற்றில் லினலூல் என்ற பூமணப் பொருள் முன்னே நிற்கும். அதிக அளவில் கொடுத்தபோது எஸ்ட்ரகோல் எலிகளின் கல்லீரலில் கட்டிகளை உண்டாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2001இல் இதைப் பரிசீலித்து, மனிதர்கள் உட்கொள்ளும் அளவைக் குறைக்க வேண்டும் என்றது. இப்போது அங்கே எஸ்ட்ரகோலைத் தனிப்பொருளாக உணவில் சேர்ப்பதற்குத் தடை இருக்கிறது. இலையைத் தடை செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். சமையலில் போடும் பத்து இலைக்கும் பாட்டிலில் இருக்கும் எண்ணெய்க்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவு. அந்த எண்ணெயைப் பெரியவர்களும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பக்கத்திலேயே போக வேண்டாம்.

குழந்தையின் இருமலுக்கு என்ன செய்யலாம்? ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு, படுக்கப் போகும் முன் வெறும் தேன் அரைத் தேக்கரண்டி போதும். உங்களுக்குச் சொல்லப்பட்ட வைத்தியத்தில் வேலை செய்யக்கூடிய பகுதி தேன்தான், எண்ணெய் இல்லை! ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அந்தத் தேனும் கூடாது. இலையைக் கொதிநீரில் போட்டுப் போர்வை மூடி ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில், சளிக்காக ஆவி பிடிக்கப்போய்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சளி ஒரு வாரத்தில் போயிருக்கும். அந்தத் தழும்பு போகாது.

சரி, இப்போது செடிக்கு வருவோம்.

இது துளசி இல்லை. துளசிக்கு நெருங்கிய உறவு, அவ்வளவுதான். இரண்டும் ஓசிமம் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. திருநீற்றுப்பச்சிலையின் தாவரவியல் பெயர் ஓசிமம் பசிலிகம். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர். அரசன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அந்த ‘பசிலிகம்’. துளசி ஓசிமம் டெனுயிஃப்ளோரம். கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். துளசித் தண்டிலும் இலையிலும் மெல்லிய ரோமம் இருக்கும், இலை விளிம்பில் பற்கள் இருக்கும், கசக்கினால் கிராம்பு போலக் காரமாக மணக்கும். திருநீற்றுப்பச்சிலையின் இலை வழவழப்பாக, பளபளவென்று, நடுவில் கொஞ்சம் குவிந்து கரண்டிபோல் இருக்கும். மணத்தில் ஒரு இனிப்பு தெரியும். தண்டு இரண்டிலுமே நாலு பட்டையாக இருக்கும். புதினா குடும்பத்துக்கே அது அடையாளம்.

பெயர்க் குழப்பம் இதோடு நிற்பதில்லை. நாய்த்துளசி என்பது ஓசிமம் அமெரிக்கானம், இன்னொரு இனம். ‘தாய் பேசில்’ என்ற பெயரில் கிடைக்கும் ஊதாத் தண்டுச் செடி உங்களுடைய செடியின் இனமேதான், ரகம் மட்டும் வேறு. நான் ஏன் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்றால், திருநீற்றுப்பச்சிலையின் மகிமையாகச் சொல்லப்படுவதில் பாதி துளசியில் செய்த ஆய்வுகளிலிருந்து எடுத்து ஒட்டியது. மன அழுத்தம், சர்க்கரை, காய்ச்சல் என்று ஒரு பட்டியல் வருகிறதே, அதில் மனிதர்களிடம் கொஞ்சமாவது சோதித்துப் பார்த்தது பெரும்பாலும் துளசியைத்தான். அதுவும் சிறிய ஆய்வுகள். பெரியப்பா மகன் பரீட்சையில் பாஸானான் என்பதற்காக நம் வீட்டுப் பையனுக்குச் சர்ட்டிபிகேட் தர முடியுமா?

இந்த இலையில் சொந்தமாக என்ன இருக்கிறது? நூறு கிராமில் 92 கிராம் தண்ணீர். கலோரி 23. சுண்ணாம்புச் சத்து 177 மி.கி., இரும்பு 3 மி.கி. சொச்சம், வைட்டமின் சி 18 மி.கி. கண்ணுக்குத் தேவையான பீட்டா கரோட்டினும் நன்றாகவே உண்டு. ரோஸ்மரினிக் அமிலம் என்ற ஆன்டி ஆக்சிடன்ட் உண்டு. எல்லாவற்றையும் விடத் தூக்கலாக இருப்பது வைட்டமின் கே, ஏறத்தாழ 415 மைக்ரோகிராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு கிராம் இலை என்பது ஒரு பெரிய பாத்திரம் நிறைய. உங்கள் கணவர் மெல்லப்போகும் பத்து இலை சுமார் ஐந்து கிராம். மேலே சொன்ன எண்களையெல்லாம் இருபதால் வகுத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சத்துக்காக இந்த இலையை நம்பினால் ரத்தசோகை தீராது.

என் பார்வையில் இந்த இலையின் பெரிய நன்மை வேறிடத்தில் இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்னால் சாப்பாடே சப்பென்று ஆகிவிட்டது என்று முகம் சுளிப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனைகளில் இந்த இலை உண்டு. தக்காளி சூப்பிலோ, வேகவைத்த காய்கறியிலோ, முட்டையிலோ இறக்கும் நேரத்தில் நாலு இலையைக் கிள்ளிப் போட்டு எலுமிச்சை பிழிந்தால், உப்பு குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. ரத்த அழுத்தத்துக்கு இந்த இலை செய்யும் உதவி இந்த வழியில்தான் வருகிறது. அது சின்ன உதவி இல்லை.

உங்கள் கணவருக்கு: பத்து இலை மெல்லட்டும். வாய் மணக்கும், கெடுதல் ஒன்றும் வராது. மாத்திரையில் மட்டும் கை வைக்க வேண்டாம். சர்க்கரை குறைந்ததாக வீடியோவில் காட்டுவது பெரும்பாலும் எலிகளுக்கு இலைச் சாற்றைச் செறிவாக்கிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு. எலிக்கு அதன் எடைக்குக் கொடுத்த அளவை ஒரு மனிதனுக்குக் கணக்குப் போட்டால் பத்து இலையில் நிற்காது. மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை சொல்லட்டும். அந்த எண் இறங்கினால் மருத்துவரே குறைப்பார். வெறும் வயிற்றில் இலை மெல்ல எழுந்திருக்கிற அந்த மனிதரை, சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம் நடக்கவும் வைத்துவிடுங்கள். எண் அதில்தான் அசையும்.

மாமியார் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் வீடுகளில் அதிகத் தவறு நடக்கிறது.

முதலில் மாத்திரை அட்டையில் உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் என்று இருந்தால் வைட்டமின் கே பற்றி யோசிக்க வேண்டும். அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகாட்ரான் என்று இருந்தால் இலை, கீரைக் கணக்கு தேவையே இல்லை. அவை வேலை செய்யும் வழி வேறு. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் ஆகியவையும் அப்படித்தான். செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கு முதல் வகையைத்தான் கொடுப்பார்கள் என்பதால், உங்கள் மாமியாருடையது அதுவாகவே இருக்கலாம்.

ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் நான்கைக் கல்லீரல் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினைப் புதுப்பித்து மறுபடி வேலைக்கு அனுப்ப ஒரு நொதி இருக்கிறது. வார்ஃபரின் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. சாப்பாட்டில் புதிதாக நிறைய வைட்டமின் கே வந்து சேர்ந்தால் மருந்தின் பிடி தளரும். வருவது திடீரென்று நின்றால் பிடி இறுகும். மருத்துவர் ஐ.என்.ஆர். என்று ஒரு பரிசோதனை (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுவது; எண் ஏறினால் தாமதம் கூடுகிறது) பார்த்து மாத்திரை அளவை முடிவு செய்வது, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான்.

என்னிடம் ஒரு பாட்டியை அழைத்து வந்தார்கள். பல் தேய்த்தால் ரத்தம், முழங்கையில் இடித்த இடமெல்லாம் கறுநீலத் திட்டு. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை, கூட்டியும் போடவில்லை. கேட்டுக்கொண்டே போனதில், வாரம் மூன்று நாள் கீரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் “கீரை கூடாதாமே” என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் முழுவதும் நிறுத்தியிருக்கிறார். மாத்திரை அதே அளவில் இருக்க, எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த கை போய்விட்டது. ஐ.என்.ஆர். மூன்றுக்குள் இருக்க வேண்டியவருக்கு ஐந்தைத் தாண்டியிருந்தது. அவருக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டில் கீரை மறுபடி இடம் பிடித்தது, அதே மூன்று நாள், அதே கிண்ணம். மாத்திரை அளவை மருத்துவர் சரிசெய்தார்.

ஆகவே உங்கள் மாமியார் கீரையையோ இந்த இலையையோ ஒதுக்க வேண்டியதில்லை. திடீர் ஏற்றமும் திடீர் இறக்கமும்தான் கூடாது. ஐந்தாறு இலை சூப்பில் மிதந்தால் வரும் வைட்டமின் கே பத்துப் பன்னிரண்டு மைக்ரோகிராம். அரைக் கிண்ணம் வேகவைத்த பாலக்கீரையில் அது 400ஐத் தாண்டும். சூப்பில் மிதப்பதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஆனால் தொட்டி நிறைய விளைந்துவிட்டதே என்று ஒருநாள் இரண்டு பெரிய கைப்பிடி இலையை எண்ணெயோடு அரைத்து விழுதாக்கி, அதை அவர் வாரம் முழுக்கச் சாப்பிட ஆரம்பித்தால் அது வேறு கதை. அப்படி ஒரு புதுப் பழக்கம் தொடங்குவதானால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, ஒரு வாரம் கழித்து ஐ.என்.ஆர். பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயும், காப்ஸ்யூலாக வரும் இலைச் சாரமும் அவருக்கு வேண்டவே வேண்டாம்.

மகளின் சப்ஜாவுக்கு வருகிறேன். உங்கள் செடியின் விதைதான் அது. கருத்தூன்றிப் பார்த்தால் விதைகூட இல்லை, தனித்தனியாக உதிரும் ஒரு குட்டிக் காய். அதன் மேல்தோலில் தண்ணீர் பட்டதும் வீங்கும் பசைப்பொருள் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி விதையைக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் கறுப்பு விதையைச் சுற்றிச் சாம்பல் நீலத்தில் ஒரு வளையம் கட்டும். பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றும் கண்ணாடிக் குண்டுக்குள் ஒரு புள்ளியாகிவிடும். தவளை முட்டை மாதிரி இருக்கிறது என்று என் மகன் சின்ன வயதில் குடிக்கவே மறுத்தான். டம்ளரின் அடியில் கிடந்த தேக்கரண்டி விதை இப்போது பாதி உயரத்துக்கு வந்திருக்கும்.

நன்மையும் ஆபத்தும் இந்த வீக்கத்தில்தான் இருக்கின்றன. நன்மை: கூழாக நிற்பது கரையும் நார். வயிற்றில் இடம் பிடிக்கும், பசி கொஞ்சம் தள்ளிப் போகும், மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும் வேகம் மட்டுப்படும், மலம் இளகும். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 13 கிராம் அளவுக்கு விதையில் சுமார் 7 கிராம் நார் இருக்கிறது. ஒரு நாளைக்குத் தேவையானது 25 முதல் 30 கிராம் என்று வைத்துக்கொண்டால் கால்வாசி. அதே மேசைக்கரண்டியில் 60 கலோரியும் உண்டு. கொழுப்பைக் கரைக்கும் சக்தி எதுவும் இதற்கில்லை. குடித்துவிட்டு அந்த அளவுக்குச் சாப்பாடு குறைந்தால் எடை குறையும். குறையாவிட்டால் 60 கலோரி கூடத்தான் சேரும். இரண்டு கரண்டி சர்க்கரையும் சிரப்பும் ஊற்றிக் குடிக்கிறாளா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். அந்தக் கேள்விக்குத்தான் பெரும்பாலான மகள்கள் என்னிடம் சிரித்து மழுப்புகிறார்கள்.

உடல் சூட்டைத் தணிக்கும் என்கிறார்களே? தெர்மாமீட்டரில் அது தெரியாது. ஆனால் வெயிலில் வந்தவர் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை மெதுவாக, ரசித்துக் குடிக்கிறார். இதமாக இல்லாமல் எப்படி இருக்கும்?

ஆபத்து என்னவென்றால், அந்த வீக்கம் டம்ளரில் நடக்காமல் தொண்டையிலோ உணவுக்குழாயிலோ நடப்பது. உலர்ந்த விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கவே கூடாது. ஒரு தேக்கரண்டிக்கு ஒரு முழு டம்ளர் தண்ணீர், பதினைந்து நிமிட ஊறல், இது குறைந்தபட்சம். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள், குடலில் அடைப்பு வந்து அறுவை சிகிச்சை ஆனவர்கள் தவிர்க்க வேண்டும். மூன்று வயதுப் பேரனுக்கும் வேண்டாம், வழுக்கிப் புரையேறும். பழக்கமில்லாத வயிறு முதல் நாளே ஒரு மேசைக்கரண்டி போட்டால் உப்பிக்கொள்ளும். அரைத் தேக்கரண்டியில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் ஏற்றலாம். அதோடு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாத நார், மலச்சிக்கலைத் தீர்ப்பதற்குப் பதில் இறுக்கிவிடும். கணவரோ மாமியாரோ குடிப்பதானால் மாத்திரைக்கும் சப்ஜாவுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். கூழில் மாட்டிக்கொண்டால் மருந்து உடம்பில் சேருவது தாமதமாகும்.

இன்னொரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்வதில்லை. விதைப்பதற்கென்று பாக்கெட்டில் வரும் விதையில் பூஞ்சைக் கொல்லி பூசியிருக்கலாம். தொட்டியில் தூவியது போக மீதம் இருந்தால் அதை ஊறவைத்துக் குடிக்க வேண்டாம். சாப்பிடுவதற்கென்று விற்பதைத்தான் குடிக்க வேண்டும். சியா விதையும் சப்ஜாவும் ஒன்றல்ல என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். சியா சாம்பலும் வெள்ளையுமாகப் புள்ளி போட்டு, கொஞ்சம் பெரிதாக, மெதுவாக ஊறும். சப்ஜா ஒரே கறுப்பு, நிமிடத்தில் ஊறும்.

இனி அடுக்களை. இலை கறுப்பதில் உங்கள் கைத் தவறு எதுவும் இல்லை, ஃப்ரிட்ஜ்தான் அதற்கு ஆகாது. வெப்பமான இடத்துச் செடி இது. 12 டிகிரிக்குக் கீழே போனாலே இலையின் செல்சுவர்களுக்கு உள்ளே இருக்கும் மென்படலம் சேதமாகிவிடும். ஃப்ரிட்ஜ் உள்ளே நாலைந்து டிகிரி. படலம் உடைந்ததும், தனித்தனியே இருந்த பொருள்கள் கலந்து, நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவது போல இலையும் கறுக்கிறது. இலையாகப் பறிக்காமல் தண்டோடு வெட்டுங்கள். பூங்கொத்து வைப்பது போல ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, வெயில் படாமல் மேடையில் வைத்துவிடுங்கள். தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினால் ஒரு வாரம் தாராளமாக நிற்கும்.

ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சின்னச் சின்னப் பளபளக்கும் புள்ளிகள் தெரியும். எண்ணெய்ப் பைகள் அவை. விரல் பட்டாலே உடையும். அதனால்தான் செடியை உரசிக்கொண்டு போனால் மணக்கிறது. சமையலில் இதை முதலிலேயே தாளித்தோ, அரைமணி நேரம் கொதிக்க வைத்தோ பயனில்லை. மணம் வீடெல்லாம் பரவும், சட்டியில் ஒன்றும் மிஞ்சாது. அடுப்பை அணைத்த பிறகு போட வேண்டும். கத்தியால் பொடியாக நறுக்கினால் வெட்டுப்பட்ட விளிம்பெல்லாம் கறுக்கும். கையால் இரண்டாகக் கிழித்தாலே போதும். தேநீராகக் குடிக்க ஆறேழு இலையைக் கிள்ளிப் போட்டு, கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றி, தட்டால் மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். மூடாவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும். சாப்பாட்டுக்குப் பின் வயிறு கனமாக இருக்கும்போது இது இதமாக இருக்கும். அதற்கு மேல் மருந்துக் குணம் எதையும் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

நிறைய விளைந்தால் காயவைக்கலாம் என்பார்கள். காய்ந்த இலையில் பச்சை இலையின் மணம் பாதிகூட இருப்பதில்லை, எனக்கு அது வைக்கோல் மாதிரிதான் படுகிறது. உறையவைப்பது மேல். கொதிநீரில் ஐந்து விநாடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு எடுங்கள். கறுக்க வைக்கும் நொதி அதில் அடங்கிவிடும், பச்சை நிறம் நிற்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டு அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால், வேண்டும்போது ஒரு கட்டியைச் சூப்பில் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் பச்சை இலையை எண்ணெய்ப் பாட்டிலில் அமுக்கி மேடையில் அழகாக வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். எண்ணெய்க்கு அடியில் காற்று போகாது, இலையில் ஈரம் இருக்கும், புளிப்பு இருக்காது. பாட்யூலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு இதைவிட வசதியான வீடு கிடைக்காது. அந்த நஞ்சுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. எண்ணெயில் போட்டது ஃப்ரிட்ஜில் மூன்று நாலு நாள்தான், அதற்கு மேல் ஃப்ரீசருக்குப் போக வேண்டும். ஆசைக்கு வினிகரில் போட்டு வையுங்கள், அந்தப் புளிப்பில் இந்தக் கிருமி வளராது.

கொசு விரட்டும் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். செடி சும்மா நின்றால் எண்ணெய்ப் பைகள் மூடியே இருக்கும், கொசு அதைச் சட்டை செய்யாது. இலையைக் கசக்கித் தேய்த்தால் கொஞ்ச நேரம் விலகும். வலையைக் கழற்றிவிடாதீர்கள். முகப்பருவுக்கு இலைச் சாறு தடவலாமா என்று மகள் கேட்டால், முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒருநாள் பார்க்கச் சொல்லுங்கள். அவசியம் ஒன்றுமில்லை.

பூ எட்டிப் பார்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பூக்கத் தொடங்கினால் புது இலை வருவது குறையும், இலை சிறுத்துக் கசக்கும். இன்றைக்கே ஒவ்வொரு கிளையிலும் பூக்கதிருக்குக் கீழே இரண்டு ஜோடி இலை சேர்த்துக் கிள்ளிவிடுங்கள். ஒரு ஜோடி இலை இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே நகத்தால் கிள்ள வேண்டும். அந்தக் கணுவின் இரண்டு பக்கமும் இரண்டு கிளை வெடிக்கும். நான் முதல் முறை வளர்த்தபோது பாவம் பார்த்துக் கிள்ளாமல் விட்டேன். இரண்டே மாதத்தில் இடுப்புயரக் குச்சியும் உச்சியில் நாலு இலையும்தான் மிஞ்சியது. ஒரே ஒரு கிளையை மட்டும் பூக்க விட்டுவிடுங்கள். தேனீ வரும், கதிர் பழுப்பானதும் உள்ளங்கையில் கசக்கி ஊதினால் சொந்தச் சப்ஜா கிடைக்கும். மருந்து எதையும் தெளித்திராத செடியென்றால் மகள் அதைத் தாராளமாகக் குடிக்கலாம். இலை மேலே மஞ்சளடித்து, அடியில் சாம்பல் தூசி படிந்த மாதிரி தெரிந்தால் அது அடிச்சாம்பல் நோய். அந்தக் கிளைகளை வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.

கிள்ளிய தண்டுகளை எறிய வேண்டாம். பூக்கதிரை நறுக்கிச் சூப்பில் போட்டுவிட்டு, கீழ் இலைகளை நீக்கித் தண்டைத் தண்ணீரில் நிறுத்துங்கள். பத்து நாளில் வெள்ளை வேர் இறங்கும். ஒன்றைத் தொட்டியில் நட்டு அக்கா வீட்டுக்குக் கொடுத்து அனுப்புங்கள், அந்த எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பதிலாக.